சேற்றில் திருகிய முழங்கால்

என் வலது தொடை இடது தொடையைவிட அரை அங்குலம் மெலிந்தது. பத்தொன்பது வருடங்களாக அதை அளந்து வருகிறேன். முழங்காலுக்கு மேல் ஆறு விரற்கடை தள்ளி, உட்கார்ந்தபடி, காலை நீட்டி அளக்க வேண்டும். நின்றுகொண்டு அளந்தால் கணக்கு மாறும். ஆரம்பத்தில் வித்தியாசம் ஒன்றே முக்கால் அங்குலம் இருந்தது. அரை அங்குலத்துக்கு வந்தபின் அது குறையவுமில்லை, கூடவுமில்லை.

படியில் இறங்கும்போது நான் கைப்பிடியைத் தேடுவதைப் பார்த்துச் சிலர் வாதமா என்று கேட்கிறார்கள். வாதமில்லை, ஜப்பான்காரன் காலத்தில் பட்ட அடி என்று சொன்னால் உடனே முகத்தைச் சோகமாக்கிக்கொள்கிறார்கள். அவன் அடித்துவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. இந்தக் காலை அடித்தவர் யாருமில்லை. பார்த்துக்கொண்டவர்கள்தான் உண்டு. அந்த நாட்களில் ஆள் வருகை பதியும் பழைய செக்ரோல் தாள்களின் பின்பக்கம் தினமும் எழுதி வைத்திருந்தேன். அவற்றை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. சுங்கை லாலாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணி. காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் வருகையைப் பதிவது, பிறகு நிரை நிரையாக நடந்து வேலையைப் பார்ப்பது, இதுதான் என் உத்தியோகம். ஒரு நாளைக்கு ஏழு மைல் நடை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு பால் வெட்டுவது பாதிக்குமேல் நின்றுவிட்டது. மரத்தைத் தள்ளி மரவள்ளி நட்டோம். அரிசி குறைந்தது. ஆனாலும் பெரட்டு மட்டும் நிற்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு லாரி வரும். தோட்டம் இத்தனை பேர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. தோட்டத்தில் வேலையில்லாமல் இருப்பவன் முதலில் போகவேண்டும் என்பது ஆபீசில் செய்த ஏற்பாடு. ஆகவே, பெரட்டில் நின்று பெயருக்கு ‘ஐயா’ என்று குரல் கொடுக்கிறவன் தப்பித்தான். தொடர்ந்து வராதவன் பெயர் லாரிப் பட்டியலுக்குப் போனது. கிராணிக்கும் அதே விதிதான். எனக்கு மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கு ஆறு வயது. நான் லாரியில் ஏறினால் இவர்களுக்கு வீடும் இல்லை, அரிசியும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முழங்காலுக்காக ஏன் இத்தனை பேர் பாடுபட்டார்கள் என்பது அப்போதுதான் புரியும்.

காயம் பட்டது யான் என்ற நெல்வயல் ஊரில். நடவுக் காலத்தில் அங்கே ஆள் பற்றாது. நான்கு நாள் வேலை செய்தால் கூலியாக அரிசி கொடுப்பார்கள். தோட்டத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நானும், எங்கள் லயத்துக் கடைசி வீட்டுக்காரரும் ஒரே சைக்கிளில் போனோம். அவர் ஐம்பதைத் தாண்டியவர், பால் வெட்டுக்காரர், முன்பற்கள் இரண்டும் இல்லாதவர். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிள். பாதி வழி நாங்கள் ஏறிப் போனோம், பாதி வழி அதைத் தள்ளிப் போனோம்.

வயல்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். பேச்சுக் குறைவு. முதல் நாள் நான் நாற்றுக்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு சேற்றில் தடுமாறியதைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னார்: “அங்காட் காக்கி டூலு, பாரு பூசிங்.” முதலில் காலைத் தூக்கு, அப்புறம் திரும்பு என்று பொருள். எனக்குப் புரிந்தது. ஆனால் அதை நடையழகைப் பற்றிய அறிவுரையாக எடுத்துக்கொண்டேன். கிராணிக்கு நடக்கத் தெரியாதா என்று மனதுக்குள் கொஞ்சம் கோபமும் வந்தது.

இரண்டாம் நாள் மதியத்துக்கு முன், வலது கால் கெண்டைச் சதை வரை சேற்றில் இறங்கியிருந்தது. தோளில் நாற்றுக்கட்டு. பின்னாலிருந்து பல் போனவர், “ஐயா, தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்று கூப்பிட்டார். நான் திரும்பினேன். உடம்பும் தோளும் கட்டும் இடுப்பும் திரும்பின. கால் மட்டும் சேற்றுக்குள் இருந்த திசையிலேயே நின்றது. முழங்காலுக்குள் விரல் சொடக்குவது போல ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். அவருக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார். வலி வருவதற்கு முன்பே கால் என்னுடையதல்ல என்பது போலாகிவிட்டது. நாற்றின் மேலேயே உட்கார்ந்தேன்.

பெரியவர் என்னைக் கரையில் ஏற்றி, ஈரச் சாக்கைச் சுற்றினார். சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் செய்தது ஒன்றரை நாள் வேலை, அவர் நான்கு நாளைக்கான அரிசியைக் கட்டி சைக்கிளில் வைத்தார். மறுத்தபோது என் பக்கம் பார்க்காமல் போய்விட்டார். பல் போனவர் என்னைச் சைக்கிளில் உட்கார வைத்து, தானும் பாதியில் வேலையை விட்டு, யானிலிருந்து சுங்கை லாலாங் வரை தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் நான்கு இடத்தில் நின்றோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரே வேடிக்கையைச் சொன்னார்: “பொண்டாட்டிய இப்படி வச்சுத் தள்ளியிருந்தாக்கூட எனக்குப் பேர் வந்திருக்கும்லா.” நான்காவது தடவையும் சிரித்தேன்.

அவருடைய மனைவி இரட்டைப் பிள்ளை பெற்றவர். இரட்டை பெற்றவள் கை பட்டால் சுளுக்குப் போகும் என்பது எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு என்று வாரத்துக்கு இரண்டு பேராவது அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் போவது காய்ச்சலுக்கும் வெட்டுக் காயத்துக்கும். சுளுக்குக்கு யாரும் டிரஸ்ஸரைத் தேடுவதில்லை. நானும் தேடவில்லை. அதுதான் நான் செய்த பிழை. எலும்பு முறியவில்லை, தோல் கிழியவில்லை, ஆகவே சுளுக்கு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். மூன்று மாதத்துக்கு முன் புல்வெட்டும் பெண் ஒருத்தி முழங்கால் வழுக்குகிறது என்று சொன்னபோதும் இதே தீர்ப்பைத்தான் அவளுக்கு எழுதினேன். அவள் வராத நாட்களுக்கு நேரே ‘காரணமில்லை’ என்று என் கையெழுத்து இருக்கிறது. அந்தத் தாளும் இந்தத் தாள்கட்டுக்குள்தான் இருக்கிறது.

இரட்டை பெற்ற அந்த அக்கா விடியற்காலையில் வந்தார். தேங்காய் எண்ணெய் தங்கம் போல் இருந்த காலம். தன் வீட்டில் மிச்சமிருந்ததைச் சிரட்டையில் கொண்டு வந்திருந்தார்.

“மூணு நாளு உருவுனா ஓடிப் போயிரும் ஐயா. நாலாம் நாளு பெரட்டுல நிப்பீங்க.”

“வலிக்குமாக்கா?” என்று என் மனைவி கேட்டாள்.

“வலிச்சாத்தானே தங்கச்சி சுளுக்கு வெளிய வரும்? ஐயாவப் புடிச்சுக்க.”

முதல் இரண்டு நாள் உருவியதில் பெரிய கெடுதல் இல்லை. மூன்றாம் நாள் முடிவு வைத்தியம். ஒரு கையால் தொடையை அழுத்தி, மறு கையால் கணுக்காலைப் பிடித்து, ஒரு திருகு திருகி, வெடுக்கென்று உதறினார். ஏதோ ஒன்று முன்னால் வழுக்கிப் போய்த் திரும்பி வந்ததை உணர்ந்தேன். என் மனைவியின் கையை நான் கடித்திருக்கிறேன், அது எனக்கு நினைவில்லை, தழும்பைப் பார்த்தபின்தான் தெரியும். மதியத்துக்குள் முழங்கால் பம்ளிமாசு அளவுக்கு வீங்கியது. அளந்தேன். எங்கள் வீட்டு அளவு நாடாவில் முதல் மூன்று அங்குலம் கிழிந்து போயிருந்தது, எப்போதும் மூன்றைக் கழித்துத்தான் எழுத வேண்டும். கழித்தும் பதினேழே கால் வந்தது. இடது முழங்கால் பதினான்கு.

டிரஸ்ஸரை அப்போதுதான் கூப்பிட்டோம். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டரும் மருந்தும் இல்லாமல் போன பிறகு அவர் ஒருவர்தான் மிச்சம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் மட்டும் அடங்காது.

“யாரு கைய வச்சது?” என்றார்.

வாசலில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார்.

“கிராணி, உம்ம பேனா ரிப்பேரானா செருப்புத் தைக்கிறவன்கிட்டயா குடுப்பீரு? இது எலும்பும் இல்ல, சுளுக்கும் இல்ல. உள்ளுக்குள்ள எலும்ப எலும்போட கட்டியிருக்கிற நாரு அந்து போயிருக்கு. அந்த நாரத் திருகி உதறுனா என்னா ஆகும்? இனிமே ஒருத்தரும் தொடக் கூடாது.”

அக்கா எண்ணெய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் யாரும் உட்காரவில்லை. வந்தவர்களை அவரே திருப்பி அனுப்பினார் என்று மனைவி சொன்னாள்.

டிரஸ்ஸர் இரண்டு மூங்கில் பட்டைகளை வைத்து என் வேட்டியைக் கிழித்துக் கட்டினார். அதற்கு மேல் என்ன செய்வது என்று தனக்குத் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. “படிச்சிருக்கேன், பார்த்ததில்ல” என்றார். நான் பெரட்டுக்குப் போகாத நாள் அது ஆறாவது. பன்னிரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் பட்டியல் என்பது கணக்கு. வேலை மேற்பார்க்கும் தண்டல் ஒருவர் வந்து, “ஐயா, நான் சொல்லல, ஆபீஸ்ல கேட்டாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் மலேரியாக் காய்ச்சலைப் பார்வையிட ஒரு ஜப்பானிய ராணுவ டாக்டர் ஆஸ்பத்திரிக்கு வருவதாகத் தகவல் வந்தது. டிரஸ்ஸர் ஆள் சேர்த்து என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியின் கடைசிக் கட்டிலாகப் போட்டார். என் மனைவி வேண்டாமென்று அழுதாள். அவர்கள் கண்ணில் நாமே போய் நிற்பதா என்பது அவள் கேள்வி. டிரஸ்ஸர் சொன்னார்: “இன்னும் மூணு நாள்ல அவங்களே வந்து பாக்கப் போறாங்க தங்கச்சி. வைத்தியம் தெரிஞ்சவன் முதல்ல பாக்கட்டும்.”

டாக்டர் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, நாற்பது வயதுக்காரராக இருந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு சீன இளைஞர். டாக்டர் ஜப்பானிய மொழியில் சொல்வதை அவர் மலாயில் சொல்வார். காய்ச்சல்காரர்களைப் பார்த்து முடித்து என் கட்டிலுக்கு வந்ததும் டாக்டர் கட்டை அவிழ்க்கச் சொன்னார். என் முழங்காலை மடித்து வைத்து, என் பாதத்தின் மேல் தானே உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையாலும் கெண்டைக் காலின் மேற்பகுதியைப் பிடித்து, மெதுவாக முன்னால் இழுத்தார். மேஜையின் இழுப்பறை போல அது முன்னால் வந்தது. இடது காலில் அதே மாதிரி செய்தார். அது அசையவில்லை.

அவர் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது. படபடவென்று எதையோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் முதலில் தயங்கினார், தான் கேட்டது சரிதானா என்று திரும்பவும் கேட்டுக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியே தெரிந்த ஜெராய் மலையைக் காட்டினார்.

அந்த மலை முழுக்க ஆயர் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆயர் பத்து என்றால் ஐஸ் கட்டி. சுங்கைப் பட்டாணியில் யுத்தத்துக்கு முன் கடைகளில் சீவித் தருவார்களே, அந்த மாதிரிச் சீவல், ஆள் உயரத்துக்கு. டாக்டரின் ஊரில் காலில் நீளமான பலகையைக் கட்டிக்கொண்டு அந்த மலையில் இருந்து கீழே சறுக்கி வருவார்களாம்.

“எதுக்கு?” என்றார் டிரஸ்ஸர்.

கேள்வி போய்ப் பதில் வந்தது. விளையாட்டுக்கு.

டிரஸ்ஸர் தமிழில் என்னிடம், “கிராணி, சிரிச்சிராதீரு” என்றார்.

பலகை ஐஸில் மாட்டிக்கொள்ளும், ஆள் மட்டும் திரும்புவான், முழங்கால் திருகும், உள்ளே இருக்கும் நார் அறுந்துவிடும். குளிர்காலத்தில் இந்த முழங்காலை வாரம் தவறாமல் பார்ப்பேன், இந்த வெயிலில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை என்று டாக்டர் சொன்னாராம். நீ எங்கே சறுக்கினாய் என்று கேட்டார். யானில், சேற்றில் என்றேன். சேறு என்பதை மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் டாக்டர் தலையைப் பலமுறை ஆட்டினார். பிறகு பூட்ஸைக் கழற்றி, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் ஏற்றி, தன் இடது காலை என் கட்டில் விளிம்பில் வைத்தார். என் கையை எடுத்து அதன்மேல் வைத்து இழுக்கச் சொன்னார். நான் ராணுவ அதிகாரியின் காலை இழுத்தேன். அதுவும் இழுப்பறை போல முன்னால் வந்தது. மாணவனாக இருந்தபோது பலகையோடு விழுந்தவராம். பிறகு காலை ஊன்றி, அந்த ஆஸ்பத்திரிச் சிமெண்டுத் தரையில் முழுக்க உட்கார்ந்து எழுந்து காட்டினார். மூன்று தடவை.

அவர் சொன்னதை டிரஸ்ஸர் ஒரு அட்டையில் குறித்துக்கொண்டார், அதை நான் படியெடுத்து வைத்திருக்கிறேன். அறுந்த நார் தானாக ஒட்டாது. அதற்காகப் பயப்பட வேண்டாம். தொடைச் சதைதான் இனி உனக்கு நார். வீக்கம் இறங்கும் வரை ஈரத்துணி, காலை உயர்த்தி வைப்பது, இறுக்கமான கட்டு. உருவுவதும் திருகுவதும் கூடாது. முதல் நாளிலிருந்தே தொடையை இறுக்கிப் பத்து எண்ணி விட வேண்டும், நாளைக்கு நூறு முறை. மூன்று வாரம் கழித்துக் கணுக்காலில் பாரம் கட்டித் தூக்க வேண்டும். ஊன்றிய காலில் என்றைக்கும் திரும்பக் கூடாது.

போகும்போது டாக்டர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். மூன்று என்று விரல் காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த நாள் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரைப் பொட்டலத்தோடு வண்டிக்காரர் ஒருவர் ஒரு மடித்த தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு பக்கம் நிறைய அவர்கள் எழுத்து, கீழே சிவப்பு முத்திரை. அதை வாசிக்கத் தெரிந்தவர் எங்கள் தோட்டத்தில் ஒருவருமில்லை. டிரஸ்ஸர் அதை ஆபீசில் முத்திரை மட்டும் தெரியும்படி காட்டிவிட்டு என்னிடமே கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் என் பெயர் பட்டியலுக்குப் போகவில்லை.

“என்னா எழுதியிருக்கானோ?” என்றார் டிரஸ்ஸர் என்னிடம். “‘இந்த ஆளு தேறுனதும் அனுப்பி வை’ன்னுகூட இருக்கலாம். எதுக்கும் தேறுற வழியப் பாரும்.”

தேறுகிற வழியைப் பார்த்தேன். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் எதையாவது ஒன்றைக் குறையில்லாமல் செய்தான் என்றால், நான் அந்தப் பதினோரு வாரம் செய்ததைச் சொல்வேன். தினமும் நூறு இறுக்கல், பிள்ளைகள் மூன்றும் சுற்றி உட்கார்ந்து எண்ணுவார்கள். என் மூத்தவள் நூறு வரை எண்ணப் படித்தது என் தொடையை வைத்துத்தான். மனைவி பழைய சாக்குத் துணியில் சின்னச் சின்னப் பைகள் தைத்தாள். மணலைப் பால் நிறுக்கும் தராசில் நிறுத்து, அரை ராத்தல், ஒரு ராத்தல், ஒன்றரை என்று கட்டிவைத்தேன். ஐந்தாம் வாரம் மூன்று ராத்தல் தூக்கினேன். ஒரு தடவை நான் ஒன்றைக் கூடுதலாக எண்ணியதாகச் சொன்னபோது நடுப் பையன், “இல்லப்பா, நீங்க ஏமாத்துனீங்க, காலு வளைஞ்சிருச்சு, அது சேராது” என்றான். அவன் சொன்னதுதான் சரி.

கட்டுத் துணி நாளுக்கு நாள் தளர்ந்துபோனது. நீட்டினால் சுருங்கும் துணி எங்கே கிடைக்கும்? டிரஸ்ஸர் ரப்பர் உலர்த்தும் புகைக்கூண்டுக்குப் போய், உருளையில் மெல்லிசாக அழுத்திய ரப்பர் ஷீட் ஒன்றை எடுத்து, மூன்று விரல் அகலத்துக்கு நீளமாகக் கீறிக் கொண்டுவந்தார். துணியைச் சுற்றி அதன்மேல் அதைச் சுற்றினார். புகைவாடை, வியர்வை, சிரங்கு எல்லாம் உண்டு. ஆனால் அந்த ரப்பர் முழங்காலைக் கைகொண்டு பிடித்தது போலப் பிடித்தது. வாங்க ஆளில்லாமல் கொட்டிக்கிடந்த ரப்பரில் எனக்கு உதவியது அந்த இரண்டு கெஜம்.

எட்டாம் வாரம் கோல் ஊன்றிப் பெரட்டுக்குப் போனேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிட்டேன். பத்தாம் வாரம் கோலில்லாமல் நின்றேன். முதல் வேலையாக அந்தப் புல்வெட்டும் பெண்ணைக் கூப்பிட்டு டிரஸ்ஸரிடம் அனுப்பினேன். அவளுக்கு அறுந்திருந்தது வேறு நார், பக்கவாட்டில் இருப்பது. அது தானாகவே பாதி ஒட்டியிருந்தது. “இப்பத்தான் கிராணிக்குக் காரணம் தெரிஞ்சிருக்கு” என்று அவள் எல்லார் முன்னும் சொன்னாள். பெரட்டே சிரித்தது. நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

பதினோராம் வாரம் முடியும் நாள் லாரி வந்தது. இம்முறை பட்டியல் இல்லை. எல்லா ஆண்களும் வரவேண்டும் என்றார்கள். அதுவரை நடக்க முடிந்தவன் தப்பித்தான், அன்றைக்கு நடக்க முடிந்தவன் அகப்பட்டான். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவராகத் தண்ணீர்த் தொட்டி வரை நடந்து, அங்கே உட்கார்ந்து எழுந்து, திரும்பி வரச் சொன்னார் ஓர் அதிகாரி. சரியாக வந்தவர் இடது பக்கம், லாரிக்கு. மற்றவர் வலது பக்கம், பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கு.

என் முன்னால் பல் போனவர். அவரை நடக்கச் சொல்லவே இல்லை. அதிகாரி அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வலது பக்கம் கை காட்டினார். டிரஸ்ஸர் உடம்பு நிலை சொல்வதற்காக அதிகாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என் முறை வந்ததும் உதட்டை அசைக்காமல் சொன்னார்: “கிராணி, இன்னிக்கி ஒரு நாளு ஒழுங்கா நடக்காதீரு.”

எனக்கு அது வரவில்லை. சேற்றில் விழுந்த நாளிலிருந்து நேராக நடக்க மட்டுமே பழகியிருந்தேன். உடம்பு அதையே செய்தது. தொட்டி வரை நாற்பத்திரண்டு அடி, ஒரு நொண்டலும் இல்லாமல் போனேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். அத்தனை வாரத்தில் முதல் தடவையாக வலியில்லாமல் முழுக்க உட்கார்ந்து எழுந்தது அன்றுதான். அதிகாரியின் கை இடது பக்கம் போகத் தொடங்கியதைப் பார்த்தேன்.

அப்போது பெண்கள் கூட்டத்திலிருந்து என் சின்னவன் “அப்பா” என்று கூப்பிட்டான்.

திரும்பினேன். காலைத் தூக்காமல், ஊன்றிய வாக்கில், உடம்பை மட்டும் திருப்பினேன். ரப்பர் கட்டுக்குள் எலும்பு வழுக்கியது. ஒரு நொடிக்கு முன் உட்கார்ந்து எழுந்தவன் தண்ணீர்த் தொட்டியடியில் மல்லாந்து கிடந்தேன். அதிகாரி வேகமாக வந்தார். நடிக்கிறேன் என்று நினைத்தார், அவர் கையிலிருந்த பிரம்பு எழும்பியது. டிரஸ்ஸர் நடுவில் புகுந்து, என்னைக் கேட்காமலே என் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அதில் இருப்பது எனக்குச் சாதகமா பாதகமா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

அதிகாரி வாசித்தார். முத்திரையைப் பார்த்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். குனிந்து, ஒரு விரலால் என் முழங்காலை அழுத்தினார். அதற்குள் அது வீங்கத் தொடங்கியிருந்தது. தாளை மடித்து என் பையிலேயே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தைக் காட்டினார்.

அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜப்பான்காரர்கள் சரணடைந்த வாரம், அவர்கள் எழுத்து வீட்டில் இருந்தால் ஆபத்து என்று என் மனைவி அடுப்பில் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்த டாக்டர் பிற்பாடு என்ன ஆனார், பலகை கட்டிக்கொண்டு சறுக்கும் மலைக்குத் திரும்பிப் போனாரா என்பதும் தெரியாது. அவருடைய ராணுவம் எங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது, அவர் எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தார். இரண்டையும் ஒரே தாளில் எழுதுகிறேன். ஒன்றை எழுதுவதற்காக மற்றதை அடிக்க மாட்டேன்.

லாரி போன பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். டிரஸ்ஸர் கட்டை அவிழ்த்துக்கொண்டே, “நாடகத்துக்குப் போயிருக்கலாம் கிராணி. அந்த விழுகை இருக்கே!” என்றார்.

“நான் நடிக்கல. நெசமாத்தான் விழுந்தேன்.”

“அதத்தான் சொல்றேன். நெசம் மாதிரியே இருந்துச்சு.”

அவர் போன பிறகு வாசலில் அந்த அக்கா நிற்பதைப் பார்த்தேன். கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்தார். பதினோரு வாரமாக அவர் எங்கள் வாசலுக்கு வரவில்லை.

“நான் தொடல ஐயா. பாத்துட்டுப் போயிர்றேன்.”

“உள்ள வாங்கக்கா. ஈரத்துணி போடணும். டிரஸ்ஸர் சொல்லிட்டுத்தான் போனாரு.”

“வேற யாராச்சும் போடட்டும். என் கை பட்டுத்தான உங்க காலு இப்படி ஆச்சு?”

நான் நாட்களை ஒழுங்காக எண்ணுகிறவன். எண்ணியதை அவரிடம் சொன்னேன். அவர் கை படாமல் இருந்திருந்தால் வீக்கம் நாலு நாளில் இறங்கியிருக்கும். நான் நொண்டிக்கொண்டு பெரட்டுக்குப் போயிருப்பேன். டிரஸ்ஸர் என்னைத் தூக்கிக்கொண்டு டாக்டர் முன்னால் போட்டிருக்க மாட்டார். சட்டைப் பையில் தாள் இருந்திருக்காது. அப்படியானால் இந்நேரம் நான் எங்கே இருப்பேன்?

அவர் ஒரு கையைத் தலைப்புக்குள்ளிருந்து எடுத்தார். “டிரஸ்ஸர் அன்னிக்கி அவ்வளவு திட்டுனாரே.”

“திட்டுனதும் சரிதான்க்கா. நான் சொல்றதும் சரிதான்.”

அவர் உள்ளே வந்து வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். துணியை நனைத்து, பிழிந்து, மடித்து முழங்காலின்மேல் வைத்தார். அழுத்தவில்லை. சூடேறியதும் எடுத்து மறுபடி நனைத்தார். என் மனைவி மரவள்ளியைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மூன்றும் ஒரே பாயில் என் இடது பக்கம் படுத்திருந்தார்கள், யாரும் விளையாடப் போகவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து இளம் மனைவி ஒருத்தியின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. அவள் புருஷன் எனக்கு இரண்டு பேர் பின்னால் நின்றவன். தொட்டி வரை நடந்து, உட்கார்ந்து எழுந்து, இடது பக்கம் போனவன். லாரிக்கு இத்தனை தலை என்று கணக்கு இருந்தது. நான் வலது பக்கம் போனதால் குறைந்த ஒரு தலையை யாரைக் கொண்டு நிரப்பினார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை. அவன் திரும்பி வரவில்லை.

ஏழாவது தடவை துணியைப் பிழிந்துவிட்டு அக்கா எழுந்தார். “அந்தப் புள்ள தனியா இருக்கு. போயி உக்காந்திருக்கேன்” என்றார். என் மனைவி வேகவைத்த கிழங்கில் பாதியைத் தட்டில் எடுத்து வைத்து மூடினாள். நான் கோலைக் கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். அவளே எடுத்துக் கொடுத்து, என் அக்குளில் கை கொடுத்து நிமிர்த்தினாள். எங்கள் வாசலுக்கும் அந்த வாசலுக்கும் பதினாறு அடி, நடந்து போனேன். அன்றைய தாளில் வீக்கத்தின் அளவு எழுதப்படவில்லை. அந்தத் தாள்கட்டுக்குள் அளவில்லாத தாள் அது ஒன்றுதான்.